ஆற்றுப்படை போன வழி

என் தங்கை மகன் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்த மறு வாரம் வீட்டுக்கு வந்தான். "மாமா, டூரிஸம் படிக்கலாம்னு இருக்கேன். அப்பா வேண்டாங்கிறார். அதுல என்னென்ன வேலை இருக்குன்னு நீங்களாவது சொல்லுங்க" என்றான். நான் தமிழ் வாத்தியார். அவனுக்கு வேண்டியிருந்தது படிப்பு, சம்பளம், வேலை வாய்ப்பு பற்றிய தகவல். எனக்கோ வேறொரு கேள்வி தொற்றிக்கொண்டது. பள்ளியில் வேலை செய்பவர் ஆசிரியர், நீதிமன்றத்தில் வாதாடுபவர் வழக்கறிஞர். சுற்றுலாத் துறையில் வேலை செய்பவருக்குத் தமிழில் என்ன பெயர்? சுற்றுலாப் பயணி என்றால் காசு கொடுத்து ஊர் பார்க்க வருபவர். அவரை அழைத்துப் போய்க் காட்டி, உணவும் இடமும் ஏற்பாடு செய்து, பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறவருக்கு?

பெயர் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது. அது வேறொரு துறைக்குப் போய்விட்டது. அந்தப் பெயர் போன வழியைப் பின்தொடர்ந்தால், பையன் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைக்கிறது.

முதலில் துறையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். சுற்று, உலா என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது சுற்றுலா. ஆங்கிலத்தின் 'டூர்' பிரெஞ்சு வழியாக லத்தீனுக்கும், அங்கிருந்து கிரேக்கத்தின் 'டோர்னோஸ்' என்ற சொல்லுக்கும் போகிறது. வட்டம் வரையவும் மரத்தைச் சுழற்றிக் கடையவும் பயன்பட்ட தச்சுக் கருவி அது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதுதான் டூர். ஆகவே 'சுற்று' என்பது மிகப் பொருத்தமான பாதி. மறுபாதியான உலாவுக்குத்தான் நீண்ட கதை.

உலவு, உலாவு என்னும் வினையிலிருந்து பிறந்தது உலா. நம் இலக்கியத்தில் அது ஒரு சிற்றிலக்கிய வகை. சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கைலாய ஞான உலாவை முதல் உலா என்பார்கள்; ஆதியுலா என்றும் அதற்குப் பெயர். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் மூவர் மீதும் பாடியது மூவருலா. இறைவனோ அரசனோ வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு காதல் கொள்வார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உலா போகிறவன் ஊரைப் பார்ப்பதில்லை. ஊர்தான் அவனைப் பார்க்கிறது. இன்றும் உற்சவமூர்த்தி வீதியுலா வரும்போது நாம் வாசலில் நின்று பார்க்கிறோம். சுற்றுலா என்ற புதுச் சொல்லில் இந்தப் பார்வை தலைகீழாகிவிட்டது. இப்போது உலா போகிறவர் பார்க்கிறார், ஊர் காட்சிப்பொருளாகிறது. கணினிக்காரர்கள் இணையத்தை மேயும் மென்பொருளுக்கு 'உலாவி' என்று பெயர் வைத்தபோது இந்தப் புதிய பொருளைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இலங்கைத் தமிழில் 'உல்லாசப் பயணம்', 'உல்லாசப் பயணி' என்றும் புழங்குகிறது. உல்லாசம் களிப்பு. சுற்றுவதானாலும் சரி, களிப்பதானாலும் சரி, இரண்டு பெயர்களிலும் இருப்பவர் வாடிக்கையாளர் மட்டும்தான். உழைப்பவர் இல்லை. என் மைத்துனர் தயங்கியதற்கும் இதுவே காரணம் என்று இப்போது தோன்றுகிறது. 'சுற்றுலா படிக்கிறான்' என்றால் ஊர் சுற்றப் படிக்கிறான் என்றுதான் காதில் விழுகிறது.

பயணத்துக்குப் பழந்தமிழில் வழங்கிய சொல் செலவு. செல் என்ற வினையிலிருந்து வந்தது. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் முகம் வாடக் கண்டு போகத் தயங்குவதை அகத்திணையில் 'செலவழுங்கல்' என்பார்கள். வருவது வரவு, போவது செலவு. மனிதர்களின் போக்குவரத்தைச் சொன்ன இந்தச் சோடிச் சொற்கள் பணத்தின் போக்குவரத்துக்கு மாறின. வரவு செலவுக் கணக்காயின. செலவு தன் பழைய பொருளை முற்றிலும் தொலைத்துவிட்டது. வரவு மட்டும் ஊர் எல்லைப் பலகைகளில் 'நல்வரவு' என்று பழைய பொருளோடு நிற்கிறது. சுற்றுலாப் பொருளாதாரம் முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கும். ஒருவருடைய செலவு, அதாவது பயணம், இன்னொரு ஊருக்கு வரவாகிறது. சாலையோரத்தில் இளநீர் வெட்டுகிறவர் முதல் விமானப் பணியாளர் வரை அந்த வரவில் பங்குண்டு.

இனி அந்தப் பெயர். ஆற்றுப்படை.

ஆறு என்றால் வழி. நதி என்ற பொருளும் உண்டு. வழி என்ற பொருள் தனிச்சொல்லாக இன்று வழக்கில் இல்லை. ஆனால் கூட்டுச் சொற்களில் ஒளிந்து வாழ்கிறது. அவ்வாறு, இவ்வாறு, எவ்வாறு என்று நாள்தோறும் சொல்கிறோம். அந்த வழி, இந்த வழி, எந்த வழி என்பதுதான். வரலாறு என்பதும் வரல் ஆறு, ஒன்று வந்த வழி. ஒருவரை வழியில் செலுத்துவது ஆற்றுப்படுத்துதல். அப்படிச் செலுத்தும் பாட்டு ஆற்றுப்படை.

தொல்காப்பியத்தின் புறத்திணையியல் இதற்கு இலக்கணம் சொல்கிறது. கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகிய கலைஞர்களில், வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவரைக் கண்டு, தாம் பெற்ற வளத்தைச் சொல்லி, அங்கே போகும் வழியையும் சொல்ல வேண்டும். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள் இந்த வகை. இலக்கணத்தில் ஒரு நிபந்தனை உள்ளுறையாக இருக்கிறது. வழி சொல்பவர் அந்த வழியில் போய் வந்தவராக இருக்க வேண்டும். கேள்விப்பட்டதைச் சொல்பவருக்கு ஆற்றுப்படை பாட இடமில்லை.

ஐந்தில் மலைபடுகடாத்தைத்தான் நான் பையன் கையில் கொடுப்பேன். செங்கண்மா என்ற ஊரிலிருந்து ஆண்ட நன்னனிடம் கூத்தர்களை அனுப்பும் பாட்டு இது. கூத்தராற்றுப்படை என்றும் பெயர். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். அரசனைப் புகழும் பாட்டு என்று எண்ணித் திறந்தால், வரிக்கு வரி வழிநடைக் குறிப்பு. தினைப்புனம் காப்பவர்கள் பன்றிக்காகக் கற்பொறி வைத்திருக்கிறார்கள். ஆகவே இருட்டில் போகாதீர்கள், விடிந்தபின் போங்கள். பாம்புப் புற்றுள்ள பள்ளங்கள் உண்டு, பார்த்து விலகுங்கள். யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், அது விசையோடு வரும், மரத்தின் பின்னே ஒதுங்குங்கள். நீர்க்கரை வழுக்கும், கொடியைப் பற்றிக்கொண்டு நடங்கள். மலையின் அழகை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனால் வழி தவறும், கவனம். பொழுது சாய்ந்துவிட்டால் குகையில் தங்குங்கள். வழியிலுள்ள குடிகளிடம் நன்னனைக் காணப் போகிறோம் என்று சொல்லுங்கள், உறவினர் போல வரவேற்றுச் சோறு போடுவார்கள்.

இன்று மலையேற்றக் குழுவை அழைத்துப் போகும் ஒருவர் புறப்படுமுன் சொல்ல வேண்டிய அத்தனையும் இதில் இருக்கிறது. எது ஆபத்து, எந்த நேரத்தில் ஆபத்து, என்ன செய்தால் தப்பலாம், எங்கே சாப்பாடு, யாரிடம் என்ன சொல்லி அறிமுகம் செய்துகொள்வது. இன்னும் ஒன்றும் சொல்கிறது அந்தப் பாட்டு: பாதை கிளை பிரியும் இடத்தில், உங்களுக்குப் பின்னே வரும் புதியவர்கள் திகைக்காமல் இருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள். இந்த இடத்தை வகுப்பில் நடத்தும் ஒவ்வொரு முறையும் எனக்குக் குரல் கம்மும். தான் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைக்காமல், முகம் தெரியாத அடுத்தவனுக்காகக் குனிந்து புல் முடிகிற ஒரு தொழில்முறையை அது கற்பிக்கிறது.

வழியில் கிடைக்கும் உணவைச் சொல்வதில் சிறுபாணாற்றுப்படைக்கு இணையில்லை. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகிற வழியில், கடற்கரையான எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேட்டுவர் ஊரான வேலூரில் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும், மருத நிலத்து ஆமூரில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டும் என்று நிலம் மாற மாற உணவு மாறுவதைக் காட்டுகிறது. உணவுச் சுற்றுலா என்று இப்போது தனிப் பிரிவே வளர்ந்திருக்கிறது. அந்தந்த மண்ணில் விளைவதை அந்தந்த வீட்டில் உண்ண வைப்பதுதான் அதன் சாரம். பெரும்பாணாற்றுப்படை இன்னொரு பக்கத்தைக் காட்டும்: உப்பு வணிகரின் வண்டித் தொடர், மிளகுப் பொதி சுமக்கும் கழுதைகள், சுங்கம் வாங்குகிற, வில்லேந்தியவர் காக்கும் பெருவழி. சாலையும் காவலும் இல்லாமல் பயணத் தொழில் இல்லை என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்தது.

இப்படி ஒரு பெயரும் இலக்கணமும் இருந்தும் தொழில் வழக்கில் அது ஏன் நிலைக்கவில்லை? முதல் திருப்பத்தை நக்கீரர் செய்தார். திருமுருகாற்றுப்படையில் பரிசு கொடுக்கும் வள்ளல் இருந்த இடத்தில் முருகன் வந்தான். பொருள் தேடும் பாணன் இருந்த இடத்தில் அருள் தேடும் பக்தன் வந்தான். மண்ணில் போன வழி மனத்தின் வழியாயிற்று. பல நூற்றாண்டு கழித்து, நம் காலத்தில், உளவியலார் மனம் நொந்தவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பணிக்குத் தமிழ்ச் சொல் தேடியபோது 'ஆற்றுப்படுத்துதல்' என்பதை எடுத்துக்கொண்டார்கள். ஆற்றுப்படுத்துநர் என்றால் இன்று கவுன்சிலர். அந்தத் தேர்வு அழகானது. ஆறு என்ற பெயர்ச்சொல் வேற்றுமையில் ஆற்று என்றாகும். தணிப்பது, தேற்றுவது என்ற பொருளில் ஆற்று என்று ஒரு வினையும் உண்டு. காப்பியை ஆற்றுவதும் துயரை ஆற்றுவதும் அந்த வினைதான். வேர் வேறு, ஒலி ஒன்று. மனநல ஆலோசகர் வழியும் காட்டுகிறார், துயரும் ஆற்றுகிறார். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்தபின் அதை அவர்களிடமிருந்து திரும்பக் கேட்பது நியாயமில்லை.

ஆர். கே. நாராயணின் 'தி கைடு' நாவல் 1958இல் வந்தது. அதில் ரயில் நிலையத்தில் சுற்றுலா வழிகாட்டியாகத் தொடங்கும் ராஜு, கடைசியில் ஒரு கிராமத்தின் ஆன்மிக வழிகாட்டியாகிறான். பொருநனை ஆற்றுப்படுத்தும் பாட்டிலிருந்து திருமுருகாற்றுப்படை வரை ஆற்றுப்படை என்ற சொல் நடந்த வழியும் அதுவே என்று படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஆற்றுப்படை போனபின் வெறுமை வந்துவிடவில்லை. பயணத்தைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு வேறு பல பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் இன்றைய ஒரு வேலையின் முன்னோர்.

சாத்து என்றால் கூட்டமாகப் போகும் வணிகர் அணி. 'சார்த்த' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். அத்தகைய அணியை நடத்துபவன் சாத்துவன். கோவலனின் தந்தை மாசாத்துவான். அவனுடைய பெயரே ஒரு தொழிற்பெயர். வழித் திட்டம், காவல், உணவு, வண்டி, இடையில் தங்குமிடம் எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பது அவன் வேலை. இன்று டூர் ஆப்பரேட்டர் செய்வது இதையே. 1841 ஜூலை 5ஆம் தேதி தாமஸ் குக் என்ற ஆங்கிலேயர், மதுவிலக்குக் கூட்டத்துக்காக லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குச் சுமார் 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துப் போனதை நவீன டூர் ஆப்பரேட்டர் தொழிலின் தொடக்கமாகச் சொல்வார்கள். அவரும் ஒரு சாத்துவர்தான். இந்த வேலைக்குக் கணக்கும் பொறுமையும் வேண்டும். விமான டிக்கெட், ஓட்டல் அறை, விசா, பேருந்து நான்கும் ஒரே நாளில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒன்று பிசகினால் நாற்பது பேர் நடுத்தெருவில் நிற்பார்கள். பயண அலுவலகங்களில் ஒருநாள் உட்கார்ந்து கேட்டால் 'ஐட்டினரி' என்ற சொல் நூறு தடவை விழும். அதன் லத்தீன் வேர் 'இட்டர்'. வழி என்று பொருள். சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் ஐட்டினரி என்பதும் ஆற்றுப்படைதான்.

வழித்துணை என்று இன்னொரு சொல். வேலூருக்கு அருகில் விரிஞ்சிபுரத்தில் இறைவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர்; கள்வர் பயமுள்ள வழியில் வணிகன் ஒருவனுக்குத் துணையாக வந்தார் என்பது தலபுராணம். வழிகாட்டுவது வேறு, துணை வருவது வேறு. தொழிலிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. வழிகாட்டி ஓர் ஊரில், ஒரு கோயிலில் நம்மோடு இருந்துவிட்டு விடைபெறுவார். டூர் மேனேஜர் புறப்பட்ட நாள் முதல் வீடு திரும்பும் வரை கூடவே வருவார். பாஸ்போர்ட் தொலைந்தாலும் வயிறு கெட்டாலும் அவர்தான் ஓட வேண்டும். அவரை வழித்துணை என்று அழைத்தால் அவர் செய்யும் வேலை முழுவதும் அந்தப் பெயரில் வந்துவிடும்.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் இப்படி ஒரு வழித்துணை. அதே காப்பியத்தின் காடுகாண் காதையில் ஒரு வழிகாட்டியும் வருகிறார், மாங்காட்டு மறையோன். மதுரைக்குப் போகும் வழி கொடும்பாளூர் ஏரிக்கரையில் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்று சொல்லி, வலப்பக்க வழியில் சிறுமலை, இடப்பக்க வழியில் திருமால்குன்றம் என்று ஒவ்வொன்றிலும் என்ன இருக்கும், நடுவழியில் எந்தத் தெய்வம் மயக்கும் என்பது வரை விளக்குகிறார். மூன்று வழியையும் வைத்துவிட்டு, தேர்வைக் கேட்பவரிடம் விட்டுவிடுகிறார். நல்ல பயண ஆலோசகர் செய்ய வேண்டியது அதுதான்.

துபாஷி என்ற சொல் கம்பெனிக் காலத்தில் கடற்கரை ஊர்களில் செல்வாக்கோடு இருந்தது. இரண்டு மொழி அறிந்தவர் என்பது வடமொழி வழிப் பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரையிலான நாட்குறிப்பால் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். துபாஷி சொல்லை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. விலை, வழக்கம், மரியாதை எல்லாவற்றையும் பெயர்த்துச் சொன்னார். இந்தத் தொழில் செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் வேலூரில் பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பார்க்கலாம். கடைப் பலகைகளில் வங்க எழுத்து. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்களுக்காக வங்காளம் பேசும் விடுதிக்காரர்கள், உணவகத்தார், மொழிபெயர்ப்பாளர்கள். பிரெஞ்சும் ஜெர்மனும் ஜப்பானியமும் கற்ற வழிகாட்டிகளுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. பையனிடம் நான் முதலில் சொன்னது, "ஏதாவது ஒரு அயல்மொழியை இப்போதே தொடங்கு" என்பதுதான்.

மருத்துவமனை என்றதும் சொல்லத் தோன்றுகிறது. நாம் சொல்லும் ஓட்டல், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி மூன்றும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. லத்தீனில் 'ஹோஸ்பெஸ்' என்ற சொல் விருந்தளிப்பவர், விருந்தினர் இருவரையும் குறித்தது. தமிழ்நாட்டில் ஓட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். தங்குகிற இடத்துக்கு லாட்ஜ் என்று வேறு சொல் வைத்துக்கொண்டோம். நம்மிடம் ஏற்கெனவே சத்திரமும் சாவடியும் இருந்தன. தஞ்சை மராட்டியர் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரமும் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரமும் இன்றும் நிற்கின்றன. வழிநடை யாத்திரிகர்களுக்கு உணவும் இடமும் இலவசமாகக் கொடுத்த காலத்தின் கட்டடங்கள் அவை.

விருந்தோம்பல் துறை என்ற மொழிபெயர்ப்பை நான் மனமார ஏற்கிறேன். விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் சொல்லும் எட்டு வனப்புகளில் ஒன்று விருந்து. புதிதாகச் செய்யப்படும் நூல் என்பது அங்கே பொருள். அதன்படி விருந்தினர் என்பவர் அத்தையும் சித்தப்பாவும் இல்லை. முன்பின் அறியாத புதியவர். அறிந்தவரை உபசரிப்பது எளிது. அறியாதவர் இரவு ஒரு மணிக்குக் களைத்துப் போய் வந்து எரிந்து விழும்போதும் முகம் கோணாமல் சாவி எடுத்துக் கொடுப்பது வரவேற்பு மேசையில் நிற்பவரின் தொழில். சென்னைத் தரமணியில் 1963இல் தொடங்கிய ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தில் இதையும், சமையலையும், அறைப் பராமரிப்பையும் கற்றுத் தருகிறார்கள். அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். நாள் முழுதும் நின்றுகொண்டே செய்யும் வேலை, தீபாவளி பொங்கலுக்கு வீட்டில் இருக்க முடியாத வேலை என்பதையும் அவனுக்கு மறைக்காமல் சொன்னேன்.

கடைசியாகக் கைடு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதற்கும் பின்னால் ஜெர்மானிய வேர் ஒன்று இருக்கிறது. அறிவு என்ற பொருளுள்ள சொற்களோடு அது உறவுடையது. அறிந்தவன் காட்டுகிறான் என்பது அதன் உட்பொருள். தமிழில் இச்சொல் மூன்று வீட்டில் குடியேறியது. பள்ளி மாணவனுக்குக் கைடு என்றால் கேள்வி பதில் புத்தகம். ஆய்வு மாணவனுக்குக் கைடு என்றால் நெறியாளர். மாமல்லபுரத்தில் கைடு என்றால் வாசலில் நின்று "சார், கைடு வேணுமா?" என்று கேட்பவர். மத்திய சுற்றுலா அமைச்சகம் அண்மைக்காலத்தில் இணையவழிப் பயிற்சி கொடுத்துச் சான்றளிக்கும் திட்டத்தில் கைடு என்ற சொல்லை விட்டுவிட்டு 'டூரிஸ்ட் ஃபெசிலிடேட்டர்' என்று பெயர் வைத்தது. எளிதாக்குபவர் என்று பொருள். எனக்கு அது இறக்கமாகவே படுகிறது. அறிந்தவர் என்ற பெயரிலிருந்து, அலைச்சலைக் குறைப்பவர் என்ற பெயருக்கு வந்துவிட்டோம். இலங்கையில் சுற்றுலா அதிகார சபை வழிகாட்டிகளைத் தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி, சாரதி வழிகாட்டி என்று வகுத்து உரிமம் தருகிறது. அங்கே வண்டி ஓட்டுபவர் சாரதி. திருவல்லிக்கேணிப் பெருமாளின் பெயரை நினைத்துப் பாருங்கள். தேரும் ஓட்டி வழியும் சொன்னவர்.

பெயர் இறங்கினால் தொழிலும் இறங்கும் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனேன். அங்கே ஒருவர், கூட்டத்தைக் கூட்டி வைத்து, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மாலை நான்கு மணி. அவர் நின்று பேசிய இடமே விமானத்தின் நிழலில்தான் இருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. வெளிச் சுவர்க் கல்வெட்டுகளில் ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயர்கள், அவர்களுக்குக் கொடுத்த வீடுகள் வரை இருக்கின்றன. இத்தனை உண்மை கையெட்டும் தூரத்தில் இருக்க, இல்லாத அதிசயம் ஒன்றை விற்றது எனக்குத் தாங்கவில்லை. அவர் போய் வந்தவர் இல்லை. தினமும் அங்கேயே நின்றும், போய் வராதவர்.

அதே பயணத்தில் மாமல்லபுரத்தில் நேர்மாறான ஒருவர் கிடைத்தார். பாறைச் சிற்பத் தொகுதியின் முன் நின்று, இதை அர்ச்சுனன் தபசு என்றும் சொல்கிறார்கள், பகீரதன் தவம் என்றும் சொல்கிறார்கள், இரண்டுக்கும் காரணம் இதுதான் என்று ஒவ்வொரு உருவமாகக் காட்டினார். பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும், அதன் காலடியில் நம்பிக்கையோடு கூடிய எலிகளையும் மாணவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தார். மாங்காட்டு மறையோனின் வழி அது.

ஆகவே பெயர் என்ன என்ற என் கேள்விக்கு நான் வந்து சேர்ந்த முடிவு இது. ஆற்றுப்படுத்துநர் மனநல ஆலோசகரிடமே இருக்கட்டும். நமக்கு வழிகாட்டி போதும். எளிய சொல், யாரும் கேட்டவுடன் புரிந்துகொள்ளும் சொல். கைகாட்டியின் உறவு அது. ஊர் பெயரும் தூரமும் எழுதிச் சாலைச் சந்திப்பில் நட்ட கைகாட்டி மரங்கள் நம் ஊர்களில் இடப்பெயராகவே நிலைத்திருக்கின்றன. அரியலூர் மாவட்டத்தில் வி. கைகாட்டி என்று ஓர் ஊரே உண்டு. அன்று கூத்தர் முடிந்து வைத்த புல்லின் வழித்தோன்றல்கள் இவை.

பையனிடம், குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சுற்றுலா பயண மேலாண்மை நிறுவனத்துக்கு நெல்லூரில் வளாகம் இருப்பதையும், தரமணி நுழைவுத் தேர்வையும், டிக்கெட் பதிவுக்கு அமேடியஸ், சேபர் போன்ற மென்பொருள்களில் பயிற்சி பெறலாம் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். அவன் அப்பாவிடம், இது ஊர் சுற்றும் படிப்பு இல்லை, மாசாத்துவானின் தொழில் என்று சொன்னேன். தாளின் அடியில் 'மலைபடுகடாம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன்.

சுற்றுலாப் படிப்பு நடத்தும் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாடத்திட்டத்தில் தாமஸ் குக் இருக்கிறார், இருக்கட்டும். பெருங்கௌசிகனாருக்கும் ஒரு பருவம் ஒதுக்குங்கள். அடுத்த கட்டடத்தில் இருக்கும் தமிழ்த் துறையிலிருந்து ஒருவரை அழைத்தால் நடத்திக் கொடுத்துவிடுவார். முடித்ததும் மாணவர்களைச் செங்கத்துக்கு அழைத்துப் போங்கள். பாட்டில் வரும் நவிரமலை இன்றைய பருவதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். பாட்டில் வரும் சேயாறு இன்றும் செங்கத்தை ஒட்டித்தான் போகிறது.